1893 எஸ் வாங்கலாமா?

நான்: பெரியப்பா, இணையத்தில் ஒரு மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்) பார்த்து வைத்திருக்கிறேன். 1893, எஸ் முத்திரை, அதாவது சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. கிரேடு போட்டு ஸ்லாப்பில் (மூடிய பிளாஸ்டிக் உறையில்) அடைத்தது, விஎஃப் 25. மற்றவர்கள் கேட்பதில் பாதி விலைதான். வாங்கட்டுமா?

பெரியப்பா: பொறு. யார் கிரேடு போட்டது? முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அனுப்பு.

நான்: (2 படங்கள்) பிசிஜிஎஸ் என்று போட்டிருக்கிறது.

சித்தி: கிரேடு என்றால் என்ன மாமா? மார்க் மாதிரியா?

பெரியப்பா: ஆமாம்மா, 1 முதல் 70 வரை. 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே வராத நாணயம். 25 என்றால் கைமாறித் தேய்ந்தது, ஆனால் உருவம் நன்றாகவே தெரியும். ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்கு அது.

பெரியப்பா: கிரேடு போடும் கம்பெனிகளில் 1986இல் பிசிஜிஎஸ், அடுத்த வருடம் என்ஜிசி வந்தன. நாணயத்தை மதிப்பிட்டு, அடைத்து, ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணும் கொடுத்தார்கள். விற்கிறவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியிருந்த காலத்துக்கு அது பெரிய உபகாரம்.

அக்கா: ஸ்லாப்பில் இருக்கும் அடையாள எண்ணை பிசிஜிஎஸ் தளத்தில் போட்டுப் பார்த்தேன். 1893 எஸ், விஎஃப் 25 என்றே வருகிறது. அப்போ சரிதானே?

பெரியப்பா: அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறார்கள். எங்கோ இருக்கும் அசல் நாணயத்தின் எண்ணை எடுத்து லேபிளில் அச்சடித்துவிடுவார்கள். தளத்தில் தேடினால் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். அந்த எண்ணுக்கு நாணயத்தின் படம் இருக்கிறதா பார்.

அக்கா: இருக்கிறது. அதில் நாணயத்திலுள்ள பெண் முகத்தின் கன்னத்தில் நீளமாக ஒரு கீறல். தம்பி அனுப்பியதில் அது இல்லை!

நான்: வெளிச்சத்தில் தெரியாமல் போயிருக்குமோ?

பெரியப்பா: இருக்கலாம். அதனால் இன்னொன்றும் பார். அசல் 1893 எஸ்ஸில் லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் 'டி' (T) எழுத்து உச்சியில் மெல்லிய சாய்கோடு ஒன்று இருக்கும். அச்சிலேயே விழுந்த கோடு. ரொம்பத் தேயாத வரை தெரியும். மொத்தம் 1 லட்சம்தான் அடித்தார்கள், அதனால் போலியும் அதிகம். எஸ் இல்லாத சாதாரண 1893 மார்கனில் எஸ் முத்திரையை ஒட்டிக்கூட விற்பார்கள். அசல் எடை 26.73 கிராம், ஆனால் ஸ்லாப்பைத் திறக்காமல் அதைத் தனியாக நிறுத்துப் பார்க்க முடியாது. டி எழுத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல். திருப்பித் தரலாமா என்றும் கேள்.

சித்தப்பா: அண்ணா, பெயர் கேள்விப்படாத கம்பெனி ஸ்லாப் எல்லாம் எப்படி?

பெரியப்பா: அந்தக் கிரேடு எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை அப்படி ஒன்றை எம்எஸ் 65, அதாவது புழக்கத்துக்கே வராதது என்று வாங்கினேன். வேறு கம்பெனிக்கு அனுப்பினேன். கிரேடு எண்ணே போடாமல், 'துடைத்தது' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் மனசே சரியில்லை.

பெரியப்பா: நல்ல கம்பெனி என்றாலும் கிரேடு ஒரு கருத்துதான். அதே நாணயம் இன்று 62 வாங்கும், மறுபடி அனுப்பினால் 63 வாங்கும். விலையோ ஒரு எண் கூடினாலே எங்கேயோ போய்விடும். லேபிளுக்கு முன்னால் நாணயத்தைப் பார்க்கப் பழகு.

நான்: பதில் வந்துவிட்டது. 'வேறு படம் இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம், இன்றே எடுத்தால் இன்னும் குறைக்கிறேன்' என்கிறார்.

அக்கா: விட்டுவிடு தம்பி.

நான்: விட்டுவிட்டேன் அக்கா.

பெரியப்பா: நல்லது. அவசரமே வேண்டாம், தேடுவோம்.

சித்தி: மாமா, தாத்தா பெட்டியில் இருக்கும் பழைய காசுகளைத் துடைத்து வைக்கட்டுமா? கருத்துக் கிடக்கின்றன.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம்மா! துணிகூடப் படக்கூடாது, துடைத்தால் மதிப்புக் குறைந்துவிடும். அந்தக் கருப்பு அப்படியே இருக்கட்டும். நான் வந்து பார்க்கிறேன்.