ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது: சோலாரா, மழைநீரா, எதில் தொடங்குவது?

சேலையூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் தனி வீடு, 900 சதுர அடி மொட்டை மாடி. நான், கணவர், மாமியார், பள்ளியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். பின்பக்கம் மாமனார் காலத்து உறைகிணறு இருக்கிறது, 30 அடி. ஏப்ரல் வந்தால் அடி மண் தெரியும். போன கோடையில் மட்டும் ஆறு லாரித் தண்ணீர் வாங்கினோம், ஒவ்வொன்றும் 6,000 லிட்டர். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட், ஏ.சி. ஓடுகிற மாதங்களில் 600-ஐத் தொடும்.

சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்குவதைக் குறைத்து, முடிந்தவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மகன் சோலார் என்கிறான். கணவர் சாண எரிவாயுக் கலன் வைத்தால் சிலிண்டர் மிச்சம் என்கிறார். மாமியார், "ஆடி பிறந்துவிட்டது, முதலில் விதை போடு" என்கிறார். மூன்றுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் செய்வது?

மாடம்பாக்கம் கிணற்றுவீடு:

தங்கை, நாங்கள் பதினோரு வருடமாக இதில் இருக்கிறோம். என் பதில் ஒன்றுதான்: முதலில் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் மாமியார் போடுகிற விதையும் நிற்காது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 சதுர அடி என்பது ஏறத்தாழ 84 சதுர மீட்டர். 1 செ.மீ. மழை பெய்தால் அதில் 840 லிட்டர் விழும். நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை. ஆவியாவது, வழிந்து போவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 94,000 லிட்டர். பதினைந்து லாரி! நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஆறு.

அத்தனையையும் தேக்கி வைக்க முடியாது, சரி. ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிடும். ஆனால் உங்களிடம் கிணறு இருக்கிறதே, அதுதான் தொட்டி. மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டும் தொட்டியில் விட்டு, அங்கிருந்து கிணற்றுக்குள் இறக்குங்கள். எங்கள் வடிகட்டி மூன்றடிக்கு மூன்றடி. அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் அடுப்புக்கரி, கடைசியாக மணல். வருடா வருடம் புரட்டாசியில் மணலை அள்ளி அலசிப் போடுகிறோம்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். மாடியிலிருந்து இறங்குகிற குழாயில் இரண்டாகப் பிரிகிற 'டி' இணைப்பு ஒன்று போட்டு இரண்டு வால்வு வையுங்கள். கோடைக்குப் பிறகு வருகிற முதல் மழையில் குழாயடியில் நின்று பாருங்கள், டிகாக்ஷன் நிறத்தில் வரும். தூசி, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் சேர்ந்து வரும். அதைச் செடிப்பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் கிணற்று வால்வைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அவர் வேலை, இரவு இரண்டு மணிக்கு மழை வந்தாலும் குடையோடு இறங்கிப் போவார்.

2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம்.

செடிக்குக் குளியலறையிலிருந்து வெளியேறுகிற தண்ணீர் போதும். கல்வாழையும் வாழையும் நட்டு அதன் வழியாக விடுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம். நான் அதைக் கத்தரிக்கு ஊற்றி ஒரு பருவத்து விளைச்சல் முழுவதையும் இழந்தேன். இலை ஓரம் கருகியது, மண் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. பன்னிரண்டு செடி. இன்றும் நினைத்தால் மனது கேட்காது.

மதுரை மாடிவீடு:

சகோதரி, சோலார் பற்றி மட்டும் சொல்கிறேன். 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட், இடம் ஏறத்தாழ 100 சதுர அடி. உங்களுக்கு 2 கிலோவாட் போதும், இரண்டு மாதத்தில் 480 யூனிட் வரும். 2024-ல் வந்த பி.எம். சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000. பணம் பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும், முதலில் நாம் போட வேண்டும்.

மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடுகிற அமைப்பு என்றால், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதை எங்களிடம் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, மாட்டிய வாரமே மின்தடை வந்தபோதுதான் தெரிந்தது. சோலார் தகடுகளைத் தாங்குகிற கம்பிச் சட்டத்தை ஏழடி உயரத்தில் போடச் சொல்லுங்கள். கீழே கிடைக்கிற அரை நிழலில் எங்களுக்குக் கொத்தமல்லி அருமையாக வருகிறது. தகட்டில் விழுகிற மழையும் அதே மாடிக்குத்தான் வரும், அக்கா சொன்ன கணக்கு குறையாது.

கோவை சமையல்கட்டு:

எரிவாயுக் கலன் நான்கு வருடம் வைத்திருந்தேன். ஐந்து பேர் வீட்டில் சமையலறைக் கழிவு நாளைக்கு ஒரு கிலோ தேறினால் அதிகம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு அரைக்கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சற்றுக் குறைவுதான், அந்த அளவு வரவே நம் வீட்டுக் கழிவு பத்தாது. மாடு இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் துளை போட்ட மூன்று மண்பானை வாங்கி, கழிவும் காய்ந்த சருகுமாக அடுக்கி வாருங்கள், நடுநடுவே புளித்த மோர் தெளியுங்கள். இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும்.

சேலையூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மாடம்பாக்கம் அக்கா, நீங்கள் சொன்னபடி பழைய குழாயைத் தேடினோம். இரண்டு குழாய் மாடியிலிருந்து இறங்கித் தரைக்குள் போகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார்தான் ஒரு வாளித் தண்ணீரில் கை நிறைய மஞ்சளைக் கரைத்து மாடியிலிருந்து ஊற்றச் சொன்னார். மகன் ஊற்றினான், சின்னவள் கிணற்றடியில் காத்திருந்தாள். கிணற்றில் ஒரு சொட்டு விழவில்லை. வாசலில் நின்றிருந்த என் காலடியில், தெருச் சாக்கடைக்குள் மஞ்சளாக ஓடியது. முன்பக்கம் டைல்ஸ் போட்டபோது குழாயைத் திருப்பியிருக்கிறார்கள். இத்தனை வருட மழையையும் தெருவுக்குத் தாரை வார்த்துவிட்டு லாரிக்குக் காசு கொடுத்திருக்கிறோம். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சனிக்கிழமை பிளம்பர் வருகிறார். கழிவறைத் தொட்டி கிணற்றிலிருந்து 25 அடியில் இருக்கிறது. பரவாயில்லையா?

மாடம்பாக்கம் கிணற்றுவீடு:

25 அடி குறைவு, தங்கை. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குளிக்க, துவைக்க, செடிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், லாரிச் செலவு அதிலேயே அடங்கும். வடிகட்டித் தொட்டியைக் கழிவறைப் பக்கம் கட்டாமல் எதிர்ப்பக்கம் கட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை நானும் வருகிறேன், பத்து நிமிட வழிதானே. வால்வை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று பிளம்பரிடம் நேரில் காட்டிவிடலாம், இரவு மழையில் குனியாமல் கைக்கு எட்ட வேண்டும். மாமியாருக்குக் கொத்தவரை விதை எடுத்து வருகிறேன்.