ஒரே ஹோலில் ஐந்து பேர்: ஆட்களை நகர்த்தி எடுப்பதா, குளோசப்பில் வெட்டுவதா?

கரையோரன்:
அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடி வீட்டு ஹோலில் குறும்படம் எடுக்கிறோம். அப்பா, அம்மா, மகள், பெரியப்பா, வீட்டில் வேலை செய்யும் அக்கா. ஊர்க் காணியை விற்பதா இல்லையா என்று சண்டை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) படத்து வரவேற்பறைக் காட்சிகளை மனதில் வைத்துத்தான் எழுதினேன். காட்சியை அதிகம் வெட்டாமல், ஆட்களை நகர்த்தியே எடுக்க யோசனை. சரிவருமா?

மாடிவீடு:
சரிவராது தம்பி. அது அகலத்திரைப் படம். பல கமராக்கள், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும், தள்ளி வைத்த நீள லென்ஸ்கள். உங்கள் ஹோலில் நாலடி பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். பார்க்கப்போகிறவர்களும் 101 பஸ்ஸில் போனில்தான் பார்ப்பார்கள். ஐந்து பேர் ஒரே பிரேமில் நின்றால் முகம் உளுந்தளவுதான் தெரியும். குளோசப் போடுங்கள். இல்லாவிட்டால் அது கதிரேசன் மண்டபத்து நாடகம்.

தேன்மொழி:
நாடகம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். படம் பார்க்காதவர்களுக்காக: கோண்டோ (தோஷிரோ மிஃபுனே) சப்பாத்துக் கம்பனியில் பெரிய அதிகாரி. கம்பனியைக் கைப்பற்ற இருந்ததெல்லாம் அடகு வைத்திருக்கிறார். கோண்டோவின் மகன் என்று நினைத்து அவருடைய சாரதியின் மகனைக் கடத்தல்காரன் தூக்கிவிடுகிறான். கேட்பது 3 கோடி யென். கொடுத்தால் கோண்டோ நடுத்தெருவில்தான்.

சாரதி தரையில் விழுந்து கெஞ்சுகிறான். கோண்டோ முகம் கொடுக்காமல் திரும்பி நிற்கிறார். அந்த இடத்தில் சாரதிக்கு மட்டும் ஒரு குளோசப் போட்டிருந்தால், ‘இவனுக்காக அழு’ என்று நமக்கு உத்தரவு போட்டமாதிரி. போடவில்லை. அவனைப் பார்க்கும்போதே முதலாளியின் முதுகையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த முதுகுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதுதானே காட்சியே!

அப்புறம் மேடை. மண்டபத்தில் ஒவ்வொரு கதிரைக்கும் ஒவ்வொரு பார்வை. நடுவில் இருப்பவருக்கு மறைகிற ஆள் ஓரத்தில் இருப்பவருக்குத் தெரிவார். கமராவுக்கு ஒரே ஒரு கண். பெரியப்பா அரையடி நகர்ந்தால் பின்னால் இருக்கும் அம்மாவின் முகம் முழுதாக மறையும், திரும்ப நகர்ந்தால் வெளிப்படும். மேடையில் இதை யாராலும் செய்ய முடியாது.

மாடிவீடு:
அக்கா, ஒரு அறைக்குள் நடக்கும் படம் என்றால் எனக்கு ‘12 ஆங்ரி மென்’ (1957)தான். இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் அறையை விரித்துக் காட்டும் அகல லென்ஸில், கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுக்கிறார். போகப்போக நீள லென்ஸுக்கு மாறுகிறார், கமரா இறங்குகிறது, கடைசிப் பகுதியில் தலைக்கு மேல் கூரை தெரிகிறது. அறை அப்படியே இருக்க, மூச்சு முட்டுவது நமக்கு. ஆட்களை எங்கே நிறுத்தினார் என்பதை விட லென்ஸும் முகமும்தான் அதைச் செய்தன. நடிகர்கள் புதியவர்கள் என்றால், வெட்டாமல் எடுக்கும் நீளமான டேக்கில் ஒருவர் தடுமாறினாலே எல்லாம் போச்சு.

பழைய ரீல்:
தடுமாறுவார்கள் என்றால் ஒத்திகை பாருங்கள், அதற்காகக் காட்சியைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டாம். அதே குரோசாவா படத்தில் திரைச்சீலையைக் கவனியுங்கள். வீடு மேட்டில், கடத்தல்காரன் கீழேயிருந்து பார்க்கிறான். சீலை திறந்தால் பொலிஸ்காரர்கள் தரையோடு தரையாகப் பதுங்க வேண்டும். யார் நிற்கலாம், யார் பதுங்க வேண்டும் என்பதை ஒரு ஜன்னல் தீர்மானிக்கிறது. தம்பி, உங்கள் ஹோலில் அப்படி என்ன இருக்கிறது? பல்கனிக் கதவா, சாமித்தட்டா?

கரையோரன்:
சமையலறை வாசல் இருக்கிறது. நீளப்பக்கச் சுவரில் நின்றால் நேரே தெரியும்.

தேன்மொழி:
அப்படியென்றால் கமராவை அந்தச் சுவரோடேயே வையுங்கள். கமராவுக்குத் தெரியும் இடம் கிட்டக் குறுகல், உள்ளே போகப்போக விரியும். முன்னால் பெரியப்பாவின் தோள், நடுவில் அப்பாவும் அம்மாவும், கடைசியில் சமையலறை வாசலில் வீட்டில் வேலை செய்யும் அந்த அக்கா. யாரும் அவரைப் பார்க்கமாட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.

மாடிவீடு:
சரி, வேலை செய்யும் அக்கா வாசலில் நிற்கட்டும். ஆனால் ‘நான் கையெழுத்து வைக்கமாட்டேன்’ என்று மகள் சொல்லும்போது அவள் முகம் எனக்கு வேண்டும். அதற்குத் தனியாக ஒரு டேக் எடுத்து வையுங்கள் தம்பி.

தேன்மொழி:
எடுத்து வைத்தால் எடிட்டிங்கில் கை சும்மா இராது. எடுக்கவே வேண்டாம். அந்த வசனத்துக்கு மகளையே கமராவுக்குக் கிட்ட நடந்து வரச்சொல்லுங்கள்.