புதுப்பிப்பு: லீக்ஸ் பாத்தியில் மொலாசஸ்

குளிரான நுவரெலியாவில் லீக்ஸ் பாத்திக்கு மொலாசஸ் (கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) கரைத்து ஊற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஊற்றியாயிற்று. தனியாக ஊற்றிய பாத்தியில் சொல்லும்படி மாற்றம் இல்லை. மாட்டெருவோடு சேர்த்தது செழித்திருக்கிறது. பெருமை எருவுக்கே என்பேன்.

இந்த இனிப்பை உண்பது செடியல்ல, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அளவு மிஞ்சினால் அவை பெருகி, செடிக்குரிய நைதரசனையும் இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். குளிர்ந்த மண்ணில் அவற்றின் வேலையும் மந்தம். மொலாசஸில் பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம் ஓரளவு உண்டு. வெள்ளைச் சீனியில் அதுவும் கிடையாது.

கித்துள் பாணி (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) ஊற்றலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: அது விற்கும் விலையில், தயிரில் ஊற்றி நீங்களே சாப்பிடுங்கள்.

10 லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மொலாசஸ் கலந்து மண்ணில் மட்டும் ஊற்றுகிறேன். இலையில் சிந்தினால் எறும்புகள் வரிசை கட்டிவிடும்.