பெல்லட்: ‘எரிகுச்சி’ என்று வைக்கலாம்

வணக்கம்.

மரத்தூளை அழுத்திச் செய்கிற எரிபொருளான பெல்லட்டுக்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்ற பேச்சில் ‘மரத்துகள்’ என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அது சரிப்படாது. மன்னார்குடிப் பக்கம் மரம் அறுக்கிற மில்லில் போய் மரத்துகள் கொடுங்கள் என்றால் சாக்கில் மரத்தூளைத்தான் அள்ளிப் போடுவார்கள். அந்தத் தூளை அழுத்திச் செய்வதுதானே பெல்லட், இரண்டுக்கும் ஒரே பேர் இருந்தால் பில் போடுகிறவர் என்ன எழுதுவார்?

‘உருண்டை’, ‘வில்லை’ என்று சொல்லவும் வடிவம் இடம் கொடுக்கவில்லை. ‘குருணை’ நல்ல சொல்தான், ஆனால் நொய்யரிசியும் வயலில் தூவுகிற குருணை மருந்தும் ஏற்கெனவே அதை எடுத்துக்கொண்டன.

செய்முறையைப் பாருங்கள். ஈரம் பத்து சதவீதத்துக்குக் கிட்ட வரும்வரை காயவைத்த தூளைத் துளைபோட்ட இரும்பு அச்சுக்குள் உருளைகள் நெருக்கித் தள்ளும், சேவை நாழியில் மாவு பிதுங்குகிற மாதிரி. அந்த உரசல் சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் என்ற பிணைப்புப் பொருள் இளகிப் பிடித்துக்கொள்வதால் தனியாகப் பசை வேண்டியதில்லை. ஆறியதும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனில், மேலே பளபளவென்று, டக்கென ஒடிகிற குச்சி. போன ஐப்பசியில் ஒரு மூட்டையைத் தாழ்வாரத்தில் மறந்து வைத்துவிட்டேன். சாரல் பட்டு உப்பி, காலையில் பார்த்தால் மறுபடி வெறும் தூள், மனசே ஆறவில்லை.

அதனால் ‘எரிகுச்சி’. எரிபொருள், எரிவாயு வரிசையில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. இதே மாதிரி அச்சில் வருகிற மாட்டுத் தீவனத்தைக் குச்சித் தீவனம் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இதே தூளைப் பெரிய கட்டியாக அழுத்திச் செய்கிற பிரிக்கெட்டுக்கு ‘எரிகட்டி’ என்று வைத்துவிடலாம்.

‘கணப்புக்குச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆஸ்திரியா, சுவீடன் பக்கம் சரி, அங்கே வீட்டைச் சூடாக்கத்தான் வாங்குகிறார்கள், நெல் மாதிரிச் சரிந்து ஓடுவதால் திருகுத்தண்டு தானே அடுப்புக்குள் தள்ளிவிடும். தஞ்சாவூரில் யாருக்குக் கணப்பு வேண்டும்? நமக்கு இது நெல் அவிக்கிற பாய்லருக்கு. சொல் இரண்டு வேலைக்கும் பொருந்த வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். உமியில் செய்தால் ‘உமிக்குச்சி’ என்று சுருக்கலாம், குழப்பம் வராது. ஆனால் ‘சவுக்குக்குச்சி’ என்றால் பந்தலுக்கு நடுகிற குச்சியாகிவிடும். அங்கே மட்டும் ‘சவுக்கு எரிகுச்சி’ என்று முழுசாகவே எழுத வேண்டும். வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள், சவுக்கு வெட்டும்போது கழிக்கிற மெல்லிய கிளைக்கு அங்கே என்ன பேர்?