காலையில் பிடிக்காத பழைய பஜேரோ: நாலு இன்ஜெக்டரும் மாற்றத்தான் வேண்டுமா?

குச்சவெளிப் பொடியன்:
வணக்கம். எங்களிடம் நிற்பது 1994 மிட்சுபிஷி பஜேரோ ஜீப், 4டி56 டர்போ டீசல் எஞ்சின். அப்பா படகைக் கரைக்கு இழுக்கவும், புல்மோட்டைப் பக்கம் மணல் பாதையில் சாமான் கொண்டுபோகவும் பாவிக்கிறார். கொஞ்சக் காலமாகக் காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. பிடித்ததும் வெள்ளைப் புகை, கண் எரியும். ஐடிலில் 'டக் டக்' என்று அடித்து வண்டி உதறும். சூடேறினால் புகை நிற்கும், அடி குறையும், ஆனால் முழுக்கப் போகாது. டீசலும் கூடக் குடிக்கிறது. கராஜில் காட்டினோம். டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, டீசல் பம்பையும் இறக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதில் இருந்து அப்பா வண்டியை விற்கலாம் என்கிறார். உண்மையாகவே எல்லாம் மாற்ற வேண்டுமா?

உப்புவெளி ஓட்டுநர்:
முதலில் எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். திருகோணமலை வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கவனிப்பதில்லை. இது டீசல் முதலில் ஒரு சிறு அறையில் எரியும் ப்ரீ சேம்பர் எஞ்சின், இரவு முழுக்க நின்று ஆறிவிட்டால் ஹீட்டர் இல்லாமல் சண்டித்தனம் பண்ணும். ஒன்று கவனம்: சில பஜேரோக்களில் 6 வோல்ட் பிளக் இருக்கும். அதை நேரே பற்றரியில் தொட்டுச் சோதித்தால் எரிந்துபோகும். மீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள்.

கிண்ணியா டீசல் நானா:
தம்பி, ஒன்றையும் கழற்ற முதல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. பகலில் அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு அடித்தால் உடனே பிடிக்குதா? இரவு நின்றால் மட்டும்தான் கரைச்சலா? அப்படியென்றால் டீசல் லைனில் காற்று இழுக்குது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நாளைக்குக் காலையில் சாவி போட முதல் பில்டருக்கு மேலே உள்ள கைப் பம்பை இறுகும் வரை அமுக்கிப் பாருங்கோ. அமுக்கின பிறகு டக்கென்று பிடித்தால் இரவில் டீசல் பின்னால் இறங்கிப் போயிருக்கு.

2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பரலில் வாங்கி வைத்த டீசலை ஊற்றினீர்களா? அந்தக் காலத்துத் தண்ணியும் துருவும் இன்னமும் தாங்கியின் அடியில் கிடக்கிற வாகனம் எத்தனையோ வருது. கராஜில் இறக்கச் சொன்ன அந்த டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். தண்ணி போனால் பம்பும் தேயும், இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனையான நொசிலும் தேயும்.

மட்கோ ரசிகன்:
ஒரு போத்தல் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றுங்கள் ப்ரோ, சரியாகிவிடும்.

கிண்ணியா டீசல் நானா:
அழுக்குப் பிடித்த நொசில் என்றால் கொஞ்சம் உதவும். தேய்ந்த நொசிலுக்கும் வெடித்த ஹோசுக்கும் போத்தல் மருந்து என்ன செய்யும்?

குச்சவெளிப் பொடியன்:
நன்றி நானா. பகலில் உடனே பிடிக்கிறது. கைப் பம்பை அமுக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே உடனே பிடித்தது. ஹீட்டர் நாலும் சரி. 2022இல் பரல் டீசல் ஊற்றியது உண்மைதான். ஆனால் அந்த 'டக் டக்' அப்படியே இருக்கிறது.

கிண்ணியா டீசல் நானா:
சரி, அப்போ இரண்டு வருத்தம், தனித்தனியாகப் பார்ப்போம்.

காற்றுக்கு: பம்புக்குப் போகிற ஹோசில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற டீசல் குழாய் போடுங்கோ. ஓடும்போது குமிழி வந்தால் தாங்கியில் இருந்து அந்த இடம் வரை எங்கோ ஓட்டை. மிச்ச டீசல் தாங்கிக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனையும் விடாதீங்கோ. கடற்கரை வண்டி, கிளிப்புக்கு அடியில் உப்புப் பிடித்திருக்கும். டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். ஈரம் இல்லை என்று நம்பி இருக்காதீங்கோ.

'டக் டக்' அடிக்கு: ஐடிலில் விட்டு, இன்ஜெக்டர் தலையில் உள்ள லைன் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, திரும்ப இறுக்குங்கோ. தளர்த்தினதும் எஞ்சின் வேகம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்யுது. ஒன்றும் மாறாவிட்டால் அது முதலே செத்திருக்கு. தளர்த்தினதும் அந்த 'டக் டக்' நின்றால் கள்ளன் அங்கேதான். துணி சுற்றிப் பிடியுங்கோ, கண்ணாடி போடுங்கோ, விரலைக் கிட்டக் கொண்டுபோகாதீங்கோ. நூறு பார் (bar) அளவுக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தம்பலகாமம் வாசகன்:
கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இறங்கினாலும் சிலிண்டர் செத்துத்தானே கிடக்கும்? 4டி56 ஹெட்டில் (சிலிண்டர் மேல்மூடியில்) வெடிப்பு விழுவதும் புதிதல்ல. ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

கிண்ணியா டீசல் நானா:
நியாயமான கேள்வி. அதற்குத்தான் இடம் மாற்றிப் பார்க்கிறது. சந்தேகமான இன்ஜெக்டரைக் கழற்றி வேறு சிலிண்டரில் போடுங்கோ. கரைச்சல் இன்ஜெக்டரோடு போனால் இன்ஜெக்டர். பழைய இடத்திலேயே நின்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். 4டி56இல் இன்ஜெக்டர் மரை போட்டு ஹெட்டில் ஏறுது, நீள சொக்கெட் வேண்டும். கீழே உள்ள செம்பு வாஷரைப் பழையதாகத் திரும்பப் போடாதீங்கோ.

குச்சவெளிப் பொடியன்:
செய்தாயிற்று. பில்டருக்கு வரும் ஹோசின் கிளிப்பைத் திருப்பியதும் கிளிப் கையோடு வந்துவிட்டது. அடியில் ரப்பர் முழுக்க மயிரிழை வெடிப்பு. ஹோசும் கிளிப்பும் மாற்றினேன், குமிழி இல்லை, காலையில் முதல் அடியிலேயே பிடிக்கிறது. மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் 'டக் டக்' நின்றது. மூன்றையும் ஒன்றையும் மாற்றிப் போட்டேன், அடி ஒன்றாவதுக்குப் போய்விட்டது! ரேடியேட்டரில் குமிழி இல்லை. நாலு இன்ஜெக்டரையும் பம்ப் ரூமில் (டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில்) கொடுத்துச் சோதித்தோம். மூன்றாவதில் இருந்தது மூடாமல் துளி துளியாக ஒழுகுகிறது, இன்னொன்று கோணலாகப் பீய்ச்சுகிறது, மற்ற இரண்டும் நல்ல மூடுபனியாக வருகிறது. நாலும் மாற்றவா, இரண்டு போதுமா?

உப்புவெளி ஓட்டுநர்:
நாலும் ஒரேயடியாக மாற்றினால் எஞ்சின் சமமாக ஓடும் என்பது என் கருத்து.

கிண்ணியா டீசல் நானா:
கையில் காசு இருந்தால் அது நல்லதுதான். இல்லாவிட்டால் கெட்ட இரண்டுக்கும் புது நொசில் முனை மட்டும் போட்டு, உள்ளே இருக்கும் ஷிம்மால் (மெல்லிய தகட்டால்) நாலின் திறப்பு அழுத்தத்தையும் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கோ. முனையைப் பிடித்திருக்கும் ஹோல்டர் பழசே போதும். பம்பில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், பிடிக்கிறது, இழுக்கிறது, பிறகென்ன?

ஆனால் புது நொசிலைப் பழைய தாங்கி டீசலில் ஓட்டாதீங்கோ. மாரிக்கு முதல் தாங்கியை இறக்கி அடியைக் கழுவி, பில்டரை மாற்றுங்கோ. பிறகு கிழமைக்கு ஒருக்கா பில்டரின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பாருங்கோ. தண்ணி அடியில் நிற்கும், டீசல் மேலே நிற்கும்.

குச்சவெளிப் பொடியன்:
இரண்டு முனையும் போட்டாயிற்று, அடி இல்லை. தாங்கியை இந்த ஞாயிறு இறக்குகிறோம். அப்பா விற்கிற கதையை நிறுத்திவிட்டு இப்போது டயர் விலை விசாரிக்கிறார்.