கம்பைத் தாண்டினால் மரியாதை போய்விடுமா?

கருப்புப்பட்டை: நேற்று இங்கே ஒரு சிலம்ப வாத்தியார் எழுதியிருந்தார்: "தரையில் கிடந்த கம்பைத் தாண்டிப் போன பையனை ஒரு வாரம் வெளியே உட்கார வைத்தேன். மரியாதை தெரியாதவனுக்கு வித்தை வராது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சின்னப் பையன். கம்பு என்ன சாமியா?

பேட்டைக்காரன்: எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். தொட்டுக் கும்பிட்டுத்தான் கம்பை எடுக்கிறோம், சலாம் வரிசை போட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறோம். அதைப் போய்த் தாண்டலாமா?

கருப்புப்பட்டை: தாண்டினான், மிதிக்கவில்லை.

பேட்டைக்காரன்: தாண்டினான் இல்லையா? அதுதான்வே விஷயம்.

வள்ளியூரான்: அண்ணாச்சி, கம்பைத் தரையில் போட்டது யார்? சுவரில் சாத்தியிருந்தால் பையன் ஏன் தாண்டப் போகிறான்?

பேட்டைக்காரன்: வந்துட்டாருய்யா வக்கீல்! எண்ணெய் தடவிக் காயப் போட்டிருந்தேன். சாத்தி வைத்தால் வளைந்துவிடும். இரண்டு எட்டு சுற்றிப் போனால் கால் தேய்ந்தா போகும்?

வள்ளியூரான்: மூங்கில் எங்கே வளையும்?

பேட்டைக்காரன்: பிரம்புவே, பிரம்பு! நெற்றி உயரத்துக்கு அளந்து அறுத்த பிரம்பு.

கருப்புப்பட்டை: பேச்சை மாற்ற வேண்டாம். எங்கள் கராத்தே வகுப்பில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் குனிந்து வணங்குவோம். சண்டையில் எதிராளியைக் கீழே தள்ளினாலும் கடைசியில் வணக்கம் உண்டு. ஆனால் யாரையும் வெளியே உட்கார வைத்ததில்லை.

பேட்டைக்காரன்: வைத்தால் கட்டணம் நின்றுவிடுமே! பட்டைக்குப் பட்டை காசு. ஒலிம்பிக்ஸுக்கு டோக்கியோவில் ஒரே தடவை போனீர்கள், 2024 பாரிஸில் ஆளையே காணோம்.

கருப்புப்பட்டை: சிலம்பம் எத்தனை தடவை போயிருக்கிறதாம்?

பாளைக்காரி: அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்ததிலிருந்து பெற்றோர் முதலில் கேட்பதே சான்றிதழைத்தான். என் மகளின் வாத்தியார் போனைப் பார்த்துக்கொண்டே வரிசை சொல்லித் தருகிறார். அது என்ன மரியாதையோ!

பேட்டைக்காரன்: அக்கா, அது யாரென்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். பட்டைக்காரரே, நன்றாகக் கேளும். சிலம்பத்தில் பாதி காலடிதான். வீடு கட்டி, அதாவது காலடி மாற்றிச் சுழன்று ஆடும்போது தன் கால் எங்கே, எதிராளி கால் எங்கே என்று கவனம் இருக்க வேண்டும். கீழே கிடப்பதைப் பார்க்காதவன், நாளைக்கு எதிராளி நெற்றியைக் கம்பு நுனியால் தொட்டுப் பொட்டு எடுக்கப் போய்க் கண்ணைக் குத்திவிடுவான். அதற்குத்தான் உட்கார வைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தானே, அதுவும் பயிற்சிதான்.

கருப்புப்பட்டை: பார்த்ததால்தானே தாண்டினான்! பார்க்காதவன் மிதித்திருப்பான்.

பேட்டைக்காரன்: இந்தக் கோணல் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. போன ஆடியில் கோயில் கொடை விழாவில் எங்கள் பையன்கள் சுற்றும்போது ஓரமாக நின்று சிரித்த ஆள்தானே நீர்?

கருப்புப்பட்டை: சிரித்தது தீப்பந்தம் அணைந்ததற்கு.

பேட்டைக்காரன்: ஆடிக் காற்றில் அணையாமல் என்ன செய்யும்?

வள்ளியூரான்: மண்ணெண்ணெய் பற்றவில்லை என்றல்லவா கேள்விப்பட்டேன்.

பேட்டைக்காரன்: எவன்வே சொன்னது?