வகுப்பு வலைப்பூ: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு பதிவு உங்களுக்கு உண்டா?

தமிழாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

2013ஆம் ஆண்டு, கூகுளின் பிளாகர் தளத்தில் ஒன்பதாம் வகுப்புக்கான எங்கள் வலைப்பூ. மாணவி ஒருத்தி, தன் வீட்டுப் பசு இரவில் கன்று போட்டதையும், நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி அப்பா ஆலமரத்தில் தொங்கவிட்டதையும் எழுதித் தந்தாள். தட்டச்சு செய்கையில் 'கன்று போட்டது' என்பதைக் 'கன்று ஈன்றது' என்று மாற்றினேன். வெளியார் முகம் சுளிப்பார்களோ என்று நஞ்சுக்கொடி வரும் வரிகளை நீக்கினேன். பசு நமக்குத் தெய்வம் என்றொரு முடிவுரையையும் சேர்த்தேன். மறுநாள் கணினி அறையில் வகுப்பே சூழ்ந்து நிற்க, அவள் கடைசி வரி வரை படித்துவிட்டு, "இது யாரு எழுதினது சார்?" என்று கேட்டாள். கீழே அவள் பெயர்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? பிழையோடு வெளியிட்டால் கேள்வி ஆசிரியரைத்தான் வந்தடையும். எங்கள் பள்ளியில் திருத்தாமல் விட்ட மாணவர் கவிதை ஒன்றின் கீழ், 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று பெரியவர்கள் சண்டையிட்டார்களே தவிர, கவிதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வலைப்பூ தொடங்குவோர் முதலில் வாசகர்களை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஆசிரியராக இருந்த டேவிட் மிட்செல் 2011இல் 'குவாட்பிளாகிங்' என்ற முறையைத் தொடங்கினார். நான்கு வகுப்புகள் ஒரு குழு; ஒரு வாரம் ஒரு வகுப்பின் எழுத்தை மற்ற மூன்றும் படித்துக் கருத்து எழுதும்; அடுத்த வாரம் முறை மாறும். நம் ஒன்றியத்திலேயே நான்கு பள்ளிகள் சேர்ந்தால் போதும். கருத்துகளை ஆசிரியர் பார்த்த பிறகே வெளிவருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் முழுப்பெயரையும் படத்தையும் தவிர்த்துவிடுங்கள். 'அருமை', 'சூப்பர்' ஆகிய இரண்டு சொற்களுக்கும் தடை விதியுங்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

ஐயா, அந்த மாணவி கேட்டது எழுத்துப்பிழையைப் பற்றி அன்று. நான்கு பள்ளிகள் படித்திருந்தாலும் அவர்கள் படித்திருக்கப்போவது ஆசிரியரின் பசுவைத்தான்.

என் வகுப்பில் பாடநூலைத் திறக்கச் சொன்னாலே தண்ணீர் குடிக்கப் போய்விடும் மாணவன் ஒருவன் இருந்தான். பனங்கிழங்கு பற்றி அவன் எழுதிய ஆறு வரிகளுக்கு, முன்பின் அறியாத ஒருவர், "கிழங்குக்காகப் பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்குவீர்களா, இடைவெளி விடுவீர்களா?" என்று கேட்டிருந்தார். படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தவன், நான் தாமதிக்கவும், கைப்பேசியைத் தானே வாங்கி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். தாத்தாவிடம் கேட்டு மறுநாள் ஒரு பக்க அளவில் பதில் எழுதிக் கொண்டுவந்தான். முதல் பதிவு முழுக்கக் 'கிளங்கு' என்று எழுதியவன், பதிலில் எல்லா இடங்களிலும் 'கிழங்கு' என்றே எழுதியிருந்தான். நான் திருத்தவில்லை, கேட்டவர் அப்படி எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

தமிழாசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

தலைமையாசிரியர் ஐயாவுக்கு: தட்டச்சு செய்தபின் அவளுடைய தாளை என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில் இல்லை. வலைப்பூவில் இருப்பது நான் மாற்றி எழுதியது மட்டுமே.